இன்ஜின் லைட் எரியுதா? சென்சாரை மாற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

தொழிற்பாடம் – வாகனப் பராமரிப்பு



கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்று கடன் வாங்கிய நம் உறுப்பினர்கள் இன்று வாகனத்துக்கும் கடன் வாங்குகிறார்கள். சந்தைக்குக் காய்கறி ஏற்ற, சமையல் ஆர்டருக்குப் பாத்திரம் கொண்டுபோக, வாடகைக்கு ஓட்ட என்று பெட்ரோல் வேனும் காரும் நம் வீடுகளுக்கு வந்துவிட்டன. ஓட்டுவது வீட்டுக்காரராகவோ மகனாகவோ இருக்கலாம், சில ஊர்களில் நம் சகோதரிகளே ஓட்டுகிறார்கள். யார் ஓட்டினாலும் குழுவில் உட்கார்ந்து தவணை கட்டுவது நாம்தான். வண்டி ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அந்த மாதத் தவணை இடிக்கும்.

கூட்டங்களுக்குப் போகும்போது உறுப்பினர்கள் அடிக்கடி சொல்வது இதுதான்: "மீட்டர் பக்கத்துல மஞ்சள் லைட் எரியுது. மெக்கானிக் ஆக்ஸிஜன் சென்சார் போச்சுன்னு சொல்றார். மாத்தினோம், மறுபடியும் எரியுது." சென்சார் விலை சில ஆயிரம் ரூபாய். அதை மாற்றியும் லைட் அணையவில்லை என்றால் பணம் வீண். அதனால் இந்த இதழில் ஆக்ஸிஜன் சென்சார் என்பது என்ன, அது கெட்டதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று படிப்போம். நாம் மெக்கானிக் ஆகத் தேவையில்லை. சரியான கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

எந்த வண்டிக்கு இந்தப் பாடம்?

இது பெட்ரோல் வண்டிக்கானது. பழைய கார்புரேட்டர் வண்டியில் இந்தச் சென்சார் இருக்காது. கம்ப்யூட்டர் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு விற்கும் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலும் இது உண்டு. டீசல் வண்டிக்குச் சோதனை முறை வேறு.

ஆக்ஸிஜன் சென்சார் என்ன வேலை செய்கிறது?

விறகு அடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகை அடைத்து வைத்துக் காற்று போகாவிட்டால் கரும்புகைதான் வரும். காற்று மட்டும் அதிகமாகி விறகு குறைந்தால் தீ நிற்காது. இரண்டும் அளவாக இருந்தால்தான் நின்று எரியும். இன்ஜினும் அப்படியே. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த அளவு சற்றுக் குறையும்.

அடுப்பில் நாம் புகையைப் பார்த்து விறகைத் தள்ளுகிறோம், இழுக்கிறோம். இன்ஜினில் அந்தக் கண்ணாக இருப்பதுதான் ஆக்ஸிஜன் சென்சார். பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக் மாதிரி இருக்கும், வாலில் ஒயர் தொங்கும். இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் புகைக் குழாயில் திருகப்பட்டிருக்கும். எரிந்தபின் வரும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். மிச்சம் இல்லையென்றால் பெட்ரோல் அதிகம். கம்ப்யூட்டர் குறைக்கும்.

பாஷ் நிறுவனம் தயாரித்த இந்தச் சென்சார் 1976-ஆம் ஆண்டு முதன்முதலாக வால்வோ கார்களில் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இதற்கு விஷம். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் எல்லா இடத்திலும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்த பிறகுதான் இது நிலைத்து வேலை செய்ய வழி பிறந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

சென்சாரின் முனையில் சிர்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருள் இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம் பூசியிருக்கும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால் இரண்டு பக்கத்து ஆக்ஸிஜன் வித்தியாசத்தைப் பொறுத்துச் சிறிய மின்சாரம் உண்டாகும்.

- பெட்ரோல் அதிகம் என்றால்: சுமார் 0.8 முதல் 0.9 வோல்ட்
- பெட்ரோல் குறைவு என்றால்: சுமார் 0.1 முதல் 0.2 வோல்ட்
- நடுப்புள்ளி: 0.45 வோல்ட்

நல்ல சென்சார் ஒரே எண்ணில் நிற்காது. இன்ஜின் சூடாக ஓடும்போது 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஊஞ்சல் நின்றுவிட்டால்தான் ஏதோ கோளாறு.

குளிர்ந்த இன்ஜினிலும் சீக்கிரம் சூடேற, சென்சாருக்குள் ஒரு சின்ன ஹீட்டர் கம்பி இருக்கிறது. அதனால்தான் பல சென்சார்களில் நான்கு ஒயர். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர் பெரும்பாலும் ஹீட்டருக்கு. மற்ற இரண்டும் சிக்னலுக்கு.

பல வண்டிகளில் இரண்டு சென்சார் இருக்கும். முன் சென்சார் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்க. பின் சென்சார், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்ற புகை சுத்தம் செய்யும் டப்பாவுக்குப் பின்னால், அந்த டப்பா நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க. டப்பா நன்றாக இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 என்று ஏறக்குறைய நிலையாக நிற்கும். முன் சென்சார் மாதிரியே அதுவும் ஊஞ்சலாடினால் டப்பா பழுதாகி இருக்கலாம்.

கோளாறு வந்தால் வெளியே என்ன தெரியும்?

1. மீட்டர் போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியும்.
2. மைலேஜ் குறையும்.
3. சைலன்சர் வாயில் கறுப்பாகக் கரி படியும், பெட்ரோல் வாடை வரும்.
4. நின்ற இடத்தில் இன்ஜின் ஏறி இறங்கி ஓடும், பிக்கப் இருக்காது, இழுக்கும்போது உதறும்.
5. புகைப் பரிசோதனையில் தேறாது.

சில நேரம் லைட்டைத் தவிர வேறு எதுவுமே தெரியாது. ஹீட்டர் மட்டும் போயிருந்தால் இப்படி இருக்கும். "நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிட்டால் பெட்ரோல் செலவு மெல்ல ஏறும்.

லைட் விட்டு விட்டு மின்னினால் அது வேறு எச்சரிக்கை. பிளக் சரியாக எரியாமல் பெட்ரோல் அப்படியே புகைக் குழாய்க்குப் போகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அப்படியே ஓட்டினால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூட்டில் உருகிப் போகும். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால் சென்சாரைவிடப் பல மடங்கு செலவு வைக்கும்.

முக்கியமான விஷயம்: சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. சென்சார் பார்ப்பது ஆக்ஸிஜனை மட்டும்தான். ஆக்ஸிஜன் எந்த வழியில் வந்தாலும் "பெட்ரோல் குறைவு" என்றுதான் சொல்லும்.

- சென்சாருக்கு முன்னால் புகைக் குழாயில் ஓட்டை அல்லது கேஸ்கெட் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் "பெட்ரோல் குறைவு" என்று சொல்லும். கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும்.
- ஒரு பிளக் எரியவில்லை என்றால் அந்தச் சிலிண்டரின் ஆக்ஸிஜன் செலவாகாமல் அப்படியே வரும். அப்போதும் "பெட்ரோல் குறைவு" என்றே சொல்லும்.
- ஏர் பில்டருக்குப் பிறகு உள்ள ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் கணக்கில் வராத காற்று போகும். இங்கே நிஜமாகவே பெட்ரோல் குறைவுதான்.

இந்த மூன்றிலும் சென்சார் நல்ல சென்சார். தகவல் சொன்னவரைத் தண்டிக்கிற மாதிரி, சேதி சொன்ன சென்சாரைக் கழற்றி எறிகிறோம். புதுச் சென்சாரும் போட்டவுடன் அதே சேதியைத்தான் சொல்லும்.

ஸ்கேனர் காட்டும் எண்கள்

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினால் ஒரு கோடு எண் வரும். அதை ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். அடிக்கடி வருபவை:

- பி0135: முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்
- பி0141: பின் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்
- பி0131: முன் சென்சார் வோல்ட் குறைவு
- பி0132: முன் சென்சார் வோல்ட் அதிகம்
- பி0133: முன் சென்சார் மெதுவாக வேலை செய்கிறது
- பி0134: முன் சென்சாரில் அசைவே இல்லை
- பி0171: பெட்ரோல் குறைவாக எரிகிறது
- பி0172: பெட்ரோல் அதிகமாக எரிகிறது
- பி0420: கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாகச் சுத்தம் செய்யவில்லை

கவனியுங்கள். பி0135 என்றால் "ஹீட்டர் போச்சு" என்று அர்த்தம் இல்லை, "ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு" என்று அர்த்தம். பியூஸ், ஒயர், கப்ளர், ஹீட்டர் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். பி0171 வந்தால் சென்சாரை மாற்றுவது முதல் வேலையே அல்ல, காற்றுக் கசிவைத் தேடுவதுதான் முதல் வேலை.

வரிசையாகச் சோதிக்கும் முறை

*படி 1 – கண்ணால் பார்ப்பது (செலவு இல்லை).* இன்ஜின் ஆறிய பிறகு பாருங்கள். சென்சார் ஒயரை எலி கடித்திருக்கிறதா? சூடான குழாயில் பட்டு உருகியிருக்கிறதா? கப்ளரில் சேறு, தண்ணீர், பச்சைக் களிம்பு இருக்கிறதா? பியூஸ் போயிருக்கிறதா? ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா? ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா?

*படி 2 – காதால் கேட்பது.* குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் புகைக் குழாய்ப் பக்கம் "டிக் டிக்" என்று கசிவுச் சத்தம் வருகிறதா? குழாய் இணைப்பில் கரிக்கோடு தெரிகிறதா?

*படி 3 – பிளக்கைப் பார்ப்பது.* பிளக் பழசானால் அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். சென்சாரைவிட மலிவு.

*படி 4 – ஸ்கேனரில் ஓடும் எண்ணைப் பார்ப்பது.* இன்ஜின் நன்கு சூடான பிறகு 2000 முதல் 2500 ஆர்.பி.எம். வரை இரண்டு நிமிடம் வைத்து, முன் சென்சார் வோல்ட் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே "ப்யூயல் ட்ரிம்" என்ற எண்ணையும் கேளுங்கள். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று அது காட்டும். கூட்டல் 10, கழித்தல் 10-க்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. நின்ற நிலையில் கூட்டல் அதிகமாக இருந்து, ரேஸ் பண்ணும்போது குறைந்தால் ரப்பர் ஹோஸ் பக்கம் காற்றுக் கசிவு இருக்கலாம். வேகம் கூடக்கூட கூட்டலும் ஏறினால் பெட்ரோல் பம்ப், பில்டர் பக்கம் பாருங்கள்.

*படி 5 – சென்சாரைச் சோதித்துப் பார்ப்பது.* இதை மெக்கானிக்தான் செய்ய வேண்டும். வோல்ட் 0.1, 0.2 என்று கீழேயே நின்றால், காற்று போகும் வழியில் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே சிறிதளவு அடித்துப் பார்ப்பார். உடனே 0.8-க்கு ஏறினால் சென்சார் நல்லது, கோளாறு வேறு இடத்தில். அசையவே இல்லை என்றால் சென்சார் அல்லது அதன் ஒயர். வோல்ட் மேலேயே நின்றால், ஒரு சிறிய வேக்கம் ஹோஸைக் கழற்றிக் காற்று விட்டுப் பார்ப்பார். உடனே இறங்கினால் சென்சார் நல்லது.

*படி 6 – ஹீட்டர் சோதனை.* ஹீட்டர் கோடு வந்திருந்தால், கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரில் இரண்டு ஹீட்டர் ஒயருக்கு நடுவே ஓம் பார்க்க வேண்டும். சில ஓம் முதல் இருபது ஓம் வரை காட்டுவது வழக்கம். வண்டிக்கு வண்டி மாறும். தொடர்பே இல்லை என்று காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சார் மாற்ற வேண்டியதுதான். ஓம் சரியாக இருந்தால் வண்டிப் பக்கம் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்னல் ஒயரில் மட்டும் ஓம் பார்க்கக் கூடாது, சென்சார் கெட்டுவிடும்.

சில புதிய கார்களில் வேறு வகைச் சென்சார் உண்டு. அதற்கு 0.1, 0.9 கணக்குப் பொருந்தாது. அதை ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும்.

கழற்றிய சென்சாரின் முனை சொல்லும் சேதி

- கருப்புக் கரி: பெட்ரோல் அதிகமாக எரிகிறது
- பழுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு: இன்ஜின் ஆயில் எரிகிறது
- வெள்ளைப் படிவு: சிலிக்கான் பசை அல்லது கூலன்ட் உள்ளே போயிருக்கிறது

இந்தக் காரணத்தைச் சரி செய்யாமல் புதுசு போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். காரணம் எதுவும் இல்லாமல் இருந்தால் ஹீட்டர் உள்ள சென்சார் 1 லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் தாங்கக்கூடியது.

ஒரு உறுப்பினருக்கு நடந்தது

நம் பகுதியில் ஒரு உறுப்பினர் குழுக் கடனில் பழைய பெட்ரோல் வேன் வாங்கியிருந்தார். இன்ஜின் லைட் எரிந்தது. பி0135 என்று கோடு வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் சென்சார் மாற்றினார்கள். நான்கு நாள் கழித்து மறுபடி எரிந்தது. "கம்பெனி சென்சார் போடணும்" என்று சொல்லி இரண்டாவது முறையும் மாற்றினார்கள். அதுவும் அணையவில்லை. அந்த மாதம் அவர் தவணை கட்ட முடியவில்லை. குழுவில் பேச்சு வந்தது, அவரும் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை.

பிறகு இன்னொரு மெக்கானிக் ஓம் பார்த்தார். ஹீட்டர் நன்றாக இருந்தது. வண்டிப் பக்கம் 12 வோல்ட் வரவில்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போனதில் எலி கடித்த இடம் தெரிந்தது. வண்டி நிற்கும் கொட்டகையில் தீவன மூட்டை வைத்திருந்தார்கள். ஒயரை ஒட்டி, டேப் சுற்றி, குழாய் போட்டுக் கொடுத்தார். லைட் அணைந்தது. முதல் நாளே பத்து நிமிடம் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டு சென்சார் காசும் மிச்சம், மனக்கஷ்டமும் இல்லை.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

"அண்ணே, என்ன கோடு வந்திருக்கு? எழுதிக் குடுங்க."

"சென்சார் போயிருக்கும்மா. மாத்தினா சரியாயிடும்."

"சரிங்கண்ணே. ஒயரும் பியூஸும் பார்த்தீங்களா? சைலன்சர் குழாயில கசிவு இருக்கா? சென்சார் வோல்ட் ஏறி இறங்குதான்னு ஸ்கேனர்ல எனக்குக் கொஞ்சம் காட்டுங்க."

"அதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"குழுவுல படிச்சோம்ணே. பார்த்துட்டு, சென்சார்தான் கெட்டதுன்னா தாராளமா மாத்துங்க. பழையதையும் பில்லையும் குடுத்துடுங்க."

மரியாதையாகக் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். சோதனைக்கென்று தனிக் கூலி கேட்டால் கொடுங்கள். அது நியாயமான கூலி.

செய்யக் கூடாதவை

- மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓட விட்டுச் சோதிக்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறம், மணம் இல்லாமல் உயிரைக் குடிக்கும்.
- ஓடும் இன்ஜின் அருகே முந்தானை, துப்பட்டா, பின்னலைத் தொங்க விடாதீர்கள். பேன், பெல்ட் இழுத்துவிடும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.
- சூடான புகைக் குழாயைத் தொடாதீர்கள்.
- பேட்டரி ஒயரைக் கழற்றி லைட்டை அணைப்பது வைத்தியம் இல்லை. கோடு அழியும், கோளாறு அழியாது.
- சென்சாரைப் பெட்ரோலில் கழுவிப் போடுவதும் நிலையான தீர்வு அல்ல.
- கேஸ் கிட் போட்ட வண்டி என்றால், கேஸில் ஓடும்போது மட்டும் லைட் வருகிறதா, பெட்ரோலிலும் வருகிறதா என்று குறித்து வையுங்கள். கேஸில் மட்டும் என்றால் கிட்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக, ஒரு வேன் மாதம் 1500 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 100 லிட்டர் போதும். கோளாறால் 12 கிலோமீட்டராகக் குறைந்தால் 125 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2500 ரூபாய் கூடுதல். ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் 15,000 ரூபாய். தேவையில்லாமல் மாற்றுவதும் நஷ்டம், தேவை வந்த பிறகு மாற்றாமல் விடுவதும் நஷ்டம்.

அதனால் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் போடுங்கள். பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர் மூன்றையும் எழுதினால் போதும். குழுவில் வரவு செலவு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை. மைலேஜ் குறைவது லைட் எரிவதற்கு முன்பே நோட்டில் தெரிந்துவிடும். புகைப் பரிசோதனைச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் லாம்டா என்ற எண் இருந்தால் 1-க்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். 1-க்குக் கீழே இறங்கினால் பெட்ரோல் அதிகம், மேலே ஏறினால் காற்று அதிகம்.

நினைவில் கொள்ள

1. லைட் எரிந்தால் கோடு எண்ணை எழுதி வாங்கு.
2. கோடு இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது.
3. ஒயர், பியூஸ், கசிவு, பிளக் பார்த்த பிறகே சென்சார்.
4. வோல்ட் ஏறி இறங்கினால் சென்சார் உயிரோடு இருக்கிறது.
5. பழைய பொருளும் பில்லும் கையில் வாங்கு.

குழுக் கூட்டத்தில் பேச

- நம் குழுவில் யார் யாரிடம் பெட்ரோல் வண்டி இருக்கிறது? அதற்கு மைலேஜ் நோட்டு இருக்கிறதா?
- வண்டி நிற்கும் இடத்தில் எலி வராமல் இருக்க என்ன செய்யலாம்?
- வண்டிக் கடன் கொடுக்கும்போது பராமரிப்புக்கென்று மாதம் ஒரு தொகையைத் தனியாகச் சேமிக்கச் சொல்லலாமா?
- தவணை தவறிய உறுப்பினரிடம் "ஏன் கட்டல?" என்பதற்கு முன் "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறோமா?

கூட்டத்தில் பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் வண்டியில் வந்த கோடு எண்ணையும், அது எப்படிச் சரியானது என்பதையும் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்பினால், மற்ற குழுச் சகோதரிகளுக்கும் பயன்படும்.